இறங்குதுறையில் கட்டிய படகு கச்சதீவில் தெரிந்தது ஏன்?

ஊர்காவற்றுறை இறங்குதுறையில் ஒரு காலைப்பொழுது. படகு கட்டியபடியே நிற்கிறது. எங்கள் மாணவர்கள் ஒரு தவணை முழுவதும் பாடுபட்டுச் செய்த சிறு பெட்டியை அதன் அணியத்தில் வைத்து ஆளியைப் போட்டோம். ஒரு நிமிடம் போயிருக்கும். பெட்டி வீரிட்டுக் கத்தத் தொடங்கியது. சர்வதேசக் கடல் எல்லைக்கு ஐந்து கிலோமீற்றருக்குள் படகு வந்துவிட்டது என்பதுதான் அந்தச் சத்தத்தின் பொருள். பெட்டி காட்டிய எண்களைக் கைத்தொலைபேசி வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன். நாங்கள் கச்சதீவுக்குச் சற்று வடக்கே கடலில் நின்றுகொண்டிருந்தோம்!

படகின் சொந்தக்காரர் எங்கள் மாணவன் ஒருவனின் தகப்பனார். "அந்தோனியார் திருநாளுக்கு இன்னும் மாசக்கணக்கு கிடக்கு மாஸ்ரர், இப்பவே கச்சதீவில கொண்டுவந்து விட்டுட்டியளே" என்று சிரித்தார். மகன் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அந்தப் பெட்டி சரியாக வேலை செய்கிறது என்று அவருக்கு உறுதி சொன்னவன் நான்தான்.

தமிழில் சிறப்புக் கலைமாணிப் பட்டம் பெற்று நன்னூலும் சீறாப்புராணமும் படிப்பிக்கிற ஒருவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். தொழினுட்பவியல் பிரிவுக்குப் பொறுப்பான ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். பிள்ளைகள் பாதியில் விட்ட செயற்றிட்டத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். "சேர், நீங்கள் சும்மா பக்கத்தில இருந்தாப் போதும்" என்றார்கள். சும்மா இருக்க முடியவில்லை. அந்தக் கருவி பேசுவதை 'வாக்கியம்' என்றே அந்தத் துறையார் அழைக்கிறார்கள் என்று அறிந்தபோது எனக்கு ஆவல் பிறந்துவிட்டது. நமது சஞ்சிகையின் வாசகர்களில் பலருக்குப் பாடசாலை வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் இதே மொடியூலை வாங்கிவைத்துக்கொண்டு திணறக்கூடும். அதனால் நாங்கள் பட்டதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைக் களைய வேண்டும். ஜிபிஎஸ் செய்மதி நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. நம்முடைய கருவி அதற்கு எதையும் அனுப்புவதுமில்லை. அது ஒரு வாங்கி, கேட்க மட்டும் தெரிந்த காது. ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் முப்பதளவிலான செய்மதிகள் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் அணுக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு 'இப்போது நேரம் இன்னது, நான் இன்ன இடத்தில் இருக்கிறேன்' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தச் சொல் நம்மிடம் வந்துசேரப் பிடித்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம். நான்கு செய்மதிகளின் தூரம் தெரிந்தால் அகலாங்கு, நெட்டாங்கு, உயரம் மூன்றும் கிடைப்பதோடு, வாங்கியின் மலிவுக் கடிகாரத்தில் உள்ள பிழையும் தெரிந்துவிடும். செக்கனில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் தரையில் 300 மீற்றர் பிசகும். செய்மதிக் கடிகாரம் ஐன்ஸ்டீனின் சார்புக் கொள்கையின்படி நம் கடிகாரத்தைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோசெக்கன் விரைவாக ஓடும். அதையும் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். எடுக்காவிட்டால் ஒரே நாளில் பிழை பத்துக் கிலோமீற்றரைத் தாண்டும்.

நம் முன்னோருக்கு இது முற்றிலும் புதிய சங்கதி அல்ல. பதினைந்தாம் நூற்றாண்டில் அஹ்மத் இப்னு மாஜித் எழுதிவைத்த கடற்கலையில், முடிச்சுப் போட்ட கயிறும் சிறு பலகையுமாகத் துருவ நட்சத்திரத்தின் உயரத்தை 'விரல்' கணக்கில் அளந்தார்கள். சோழமண்டலக் கரைத் தமிழ் மாலுமிகள் அதே கருவியை இராப்பலகை என்றார்கள். ஊர்காவற்றுறையில் நின்று பார்த்தால் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் பத்துப் பாகைக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் நிற்கும். அதுவே நம் அகலாங்கு. நெட்டாங்குதான் அவர்களுக்குப் பிடிபடவில்லை. அதற்குத் துல்லியமான நேரம் வேண்டும். அந்த நேரத்தைத்தான் இன்று செய்மதி தருகிறது.

பிள்ளைகள் வாங்கியது யூபுளொக்ஸ் கொம்பனியின் 'நியோ 6எம்' வகை. ஆர்டுயினோ பலகையோடு இணைத்துப் பழகுபவர்களிடம் பரவலாகக் காணப்படுவது. நாலு கம்பி, ஒரு சதுர அன்ரெனா, அவ்வளவுதான். ஆனால் முதல் நாள் அது ஊமையாகவே இருந்தது. பேசும் கம்பியைப் பேசும் கம்பியோடும் கேட்கும் கம்பியைக் கேட்கும் கம்பியோடும் இணைத்திருந்தார்கள். பார்வைக்கு ஒழுங்காகத் தெரிந்தாலும் பேசுபவனின் வாய் கேட்பவனின் காதுக்கல்லவா போக வேண்டும்? மாற்றிக் கொடுத்தோம். அடுத்ததாகத் திரையில் கிறுக்கல். இந்த மொடியூல் செக்கனுக்கு 9600 என்ற வேகத்தில் பேசுகிறது. எங்கள் நிரல் வேறு வேகத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. ஊமைக்குக் கம்பியைப் பார், கிறுக்கலுக்கு வேகத்தைப் பார். இரண்டும் சின்ன விசயங்கள். ஆனால் ஒரு வாரத்தைத் தின்றுவிட்டன.

பிறகு வாக்கியங்கள் வரத் தொடங்கின. டொலர் குறியோடு தொடங்கி, காற்புள்ளிகளால் பிரிந்து, நட்சத்திரக் குறியோடும் இரண்டு எழுத்துகளோடும் முடிகின்றவை. இந்த ஒழுங்குக்கு என்எம்இஏ என்று பெயர். தலைப்பில் ஜிபிஆர்எம்சி என்று வரும் வாக்கியத்தில் நேரம், நிலை, அகலாங்கு, நெட்டாங்கு, வேகம், திசை, திகதி என்று வரிசை மாறாமல் வரும். வேற்றுமை உருபு இல்லாத மொழி, இடம்தான் இலக்கணம். மூன்றாம் இடத்தில் நிற்பது எது என்பதை வைத்தே பொருள் கொள்ள வேண்டும். தலைப்பையும் நேரத்தையும் அடுத்து வரும் நிலை என்பது ஒற்றை எழுத்து. 'ஏ' வந்தால் நம்பலாம். 'வி' வந்தால் அந்த வாக்கியத்தை எடுத்துக்கொள்ளக்கூடாது.

எங்களுக்கு 'வி' மட்டுமே வந்தது. காற்புள்ளிகளுக்கு நடுவே வெறுமை. மொடியூல் பழுது என்று ஒரு பிள்ளை திருப்பிக் கொடுக்கவும் புறப்பட்டுவிட்டான். நாங்கள் இருந்ததோ தகரக் கூரையின் கீழ். செய்மதிச் சமிக்ஞை நம்மை வந்தடையும்போது அதன் வலு எவ்வளவு தெரியுமா? ஒரு வாட்டை நூறு கோடி கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. தகரத்தை அது ஊடுருவாது. மழையில் நனைந்த தென்னோலை கூட அதை மங்கச் செய்யும். மைதானத்துக்குக் கொண்டுபோனோம். அங்கும் அவசரம். இருபது செக்கன் பார்ப்பது, வரவில்லை என்று அணைப்பது, மறுபடி போடுவது. செய்மதி தன் பாதை விபரத்தைச் செக்கனுக்கு 50 பிற்று என்ற நத்தை வேகத்தில்தான் சொல்கிறது. ஒரு முழுச் சுற்று 30 செக்கன். எல்லாச் செய்மதிகளின் பொதுப் பட்டியலையும் சொல்லி முடிக்கப் பன்னிரண்டரை நிமிடம். நடுவில் அணைத்தால் ஓதிக்கொண்டிருப்பவரை இடைமறித்து 'முதலில் இருந்து ஓதுங்கள்' என்று சொல்வது போலாகும். "சபூர் செய்யுங்கடா" என்றேன். அன்ரெனாவை வானம் பார்க்க வைத்துவிட்டு எல்லோரும் தள்ளி நின்றோம். ஒரு நிமிடத்துக்குள் மொடியூலின் சிறு விளக்கு செக்கனுக்கு ஒரு தடவை சிமிட்டத் தொடங்கியது. 'வி' போய் 'ஏ' வந்தது.

மலிவான பலகைகளில் இன்னொரு சங்கடம் உண்டு. செய்மதி விபரங்களை நினைவில் வைத்திருக்க ஒரு பொட்டுப் பற்றரி அதில் இருக்கும். அது செத்திருந்தால் ஒவ்வொரு தடவையும் ஆரம்பத்திலிருந்துதான்.

அடுத்தது படகில் வந்த வினை. கரையோடு நிற்கும்போது இருக்குமிடத்தைக் குறுஞ்செய்தியாக வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு சிம் மொடியூலையும் சேர்த்திருந்தார்கள். செய்தி அனுப்பும் ஒவ்வொரு தடவையும் ஜிபிஎஸ் தன் இடத்தை மறந்தது. காரணம் மின்சாரம். ஜிபிஎஸ் ஐம்பது மில்லிஅம்பியருக்குள் குடித்தனம் நடத்தும் சாது. சிம் மொடியூலோ அனுப்பும் கணத்தில் இரண்டு அம்பியர் வரை இழுக்கும். இரண்டுக்கும் ஒரே மெல்லிய கம்பியில் மின் கொடுத்தால் அந்தக் கணத்தில் அழுத்தம் சரிந்து, ஜிபிஎஸ் மயங்கி விழுந்து எழும்பும். தனித்தனிக் கம்பி போட்டு, சிம் மொடியூலின் காலடியில் ஒரு பெரிய கொள்ளளவியை வைத்ததும் அடங்கியது. படகின் 12 வோல்ற்று பற்றரியிலிருந்து அழுத்தத்தைக் குறைக்கும் மலிவுச் சுற்றும் ஓர் இரைச்சல்காரன். அவனை அன்ரெனாவிலிருந்து இரண்டு சாண் தள்ளிவைத்ததும் தெரியும் செய்மதிகளின் எண்ணிக்கை கூடியது. பெட்டியைப் பூட்டும்போது அன்ரெனாவைத் தலைகீழாக ஒட்டிவிட்ட கதையும் ஒன்று உண்டு. பீங்கான் முகம் வானத்தைப் பார்க்க வேண்டும். பெட்டி பிளாத்திக்காக இருக்க வேண்டும். உப்புத் தண்ணீர் புகாதபடி சிலிக்கன் பூசியது தகப்பனார்தான். அதில் அவர் எங்களைவிடக் கெட்டிக்காரர்.

இத்தனைக்கும் பிறகு வாக்கியங்கள் சில அரைகுறையாக வந்தன. ஆர்டுயினோவில் வரும் எழுத்துகளைத் தாங்கி வைக்கும் தொட்டி 64 எழுத்துகளுக்குத்தான். ஒரு வாக்கியமோ 82 எழுத்து வரை நீளலாம். நிரல் வேறு வேலையில் 'சற்றுப் பொறு' என்று நிற்கும்போது தொட்டி நிரம்பி வழிகிறது. ஒரு வாக்கியத்தின் தலையும் இன்னொன்றின் வாலும் ஒட்டிக்கொள்கின்றன. இதைக் கண்டுபிடிக்கத்தான் கடைசி இரண்டு எழுத்துகள். வாக்கியத்தின் எழுத்துகள் அனைத்தையும் ஒரு கணக்குப் போட்டு அனுப்புபவர் விடையைக் கடைசியில் வைக்கிறார். நாமும் அதே கணக்கைப் போட்டு விடை பொருந்தாவிட்டால் தள்ளிவிட வேண்டும். அறிவிப்பாளர் வரிசையைச் சோதிக்காமல் செய்தியை எடுக்காத மரபில் வந்தவனுக்கு இதை விளங்கச் சிரமமே இல்லை. நிரலை மாற்றினோம். எல்லா வாக்கியமும் சுத்தமாக வந்தது.

இந்தக் கட்டத்தில்தான் நான் பிழைவிட்டேன். கருவி சொல்லும் இடம் சரிதானா என்று சோதிக்க, வீட்டில் என் மகளுடன் சேர்ந்து அந்த எண்களைக் கொண்டு கிப்லாவைக் கணக்கிட்டுப் பார்த்தேன். வடக்கிலிருந்து வலமாக 292 பாகை, அதாவது மேற்கிலிருந்து 22 பாகை வடக்கே. தொலைபேசியும் 292 என்றது. அல்ஹம்துலில்லாஹ், கருவி சரி என்று முடிவு கட்டிவிட்டேன். மக்கா இங்கிருந்து நாலாயிரம் கிலோமீற்றருக்கு மேல். நாம் நிற்குமிடம் ஐம்பது கிலோமீற்றர் பிசகினாலும் கிப்லா அரைப் பாகை கூட அசையாது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. பிழையைக் காட்ட முடியாத சோதனையில் தேறியதை வைத்து ஒரு மனிதரின் படகில் பெட்டியை ஏற்றினேன்.

இறங்குதுறையில் பெட்டி கத்திய அன்று பின்னேரம் யாழ்ப்பாணத்துக்கு பஸ்ஸில் திரும்பினேன். பெட்டி மடியில், அன்ரெனா ஜன்னலோரம். செக்கனுக்கு ஒரு வரியாகப் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் அதை வரைபடத்தில் போட்டபோது பஸ் கடலுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. பண்ணைத் தாம்போதியில், கோட்டைக்குச் சற்று மேற்கே வந்ததும், ஒரே செக்கனில் 44 கிலோமீற்றர் கிழக்கே பாய்ந்தது. அந்த இடத்தில்தான் 80 பாகை நெட்டாங்கு நம் வீதியைக் குறுக்கறுக்கிறது. பாய்ச்சலுக்கு முந்திய எண் 79.5999, பிந்தியது 80.0000. மேலே போய்ப் பார்த்தேன். முழுப் பதிவிலும் தசமத்துக்குப் பின் .60 ஐத் தாண்டிய எண் ஒன்றுகூட இல்லை. ஏன் அறுபது?

மணிக்கூட்டைப் பார்த்தேன். விளங்கிவிட்டது.

மொடியூல் அகலாங்கை 0942.00 என்று சொல்கிறது. இதன் பொருள் 9 பாகை 42 கலை. ஒரு பாகைக்கு 60 கலை; ஆகவே 42 ஐ 60 ஆல் வகுத்து 9.70 பாகை என்று கொள்ள வேண்டும். எங்கள் நிரல் புள்ளியை மட்டும் இரண்டு இடம் நகர்த்தி 9.42 என்று வாசித்தது. 0.28 பாகை தெற்கே, அதாவது 31 கிலோமீற்றர். நெட்டாங்கு 07951.00 என்பது 79 பாகை 51 கலை, 79.85; நாங்கள் வாசித்தது 79.51. இது 37 கிலோமீற்றர் மேற்கே. இரண்டையும் சேர்த்தால் ஏறத்தாழ 48 கிலோமீற்றர் தென்மேற்கு. ஊர்காவற்றுறையிலிருந்து அவ்வளவு தூரத்தில் அந்தத் திசையில் என்ன இருக்கிறது என்று தீவகத்துப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஐந்நூறு அறுநூறு பேரை அனுப்பினாலும் இதே பிழையில் எல்லோரும் அதே கடலில்தான் போய் நிற்பார்கள்.

வாக்கியம் பழுதில்லாமல் வந்தது. கடைசி இரண்டு எழுத்தும் பொருந்தின. நிலை 'ஏ'. அறிவிப்பு ஸஹீஹ், விளங்கிக்கொண்டவன்தான் தவறியவன்.

எல்லைக் கோட்டை நாங்கள் சரியாகவே பதித்திருந்தோம் என்பது வேடிக்கை. 1974 ஜூனில் இலங்கையும் இந்தியாவும் செய்த உடன்படிக்கையில் பாக்கு நீரிணையின் எல்லை ஆறு புள்ளிகளால் குறிக்கப்படுகிறது. அவற்றில் ஒன்று 9 பாகை 40.15 கலை வடக்கு, 79 பாகை 22.60 கலை கிழக்கு. இவற்றைப் பிள்ளைகள் கையால் வகுத்துத் தசமமாக்கினார்கள். புத்தகத்தில் பாகைக் குறியும் கலைக் குறியும் கண்ணுக்குத் தெரிந்தன; வகுத்தார்கள். வாக்கியத்தில் குறி இல்லை, வகுக்கவில்லை.

இந்தப் பிழைக்கு ஒரு குணம் உண்டு. நம் பக்கத்தில் அது எப்போதும் படகைத் தெற்கேயும் மேற்கேயும்தான் தள்ளும், கிழக்கே தள்ளாது. ஆகவே இலங்கைக் கரையிலிருந்து போகிற படகுக்கு எல்லை வருமுன்பே எச்சரிக்கை அடிக்கும். இரண்டு நாள் கத்தினால் மூன்றாம் நாள் தொழிலாளி அதைக் கழற்றி வைத்துவிடுவார். உண்மையாகக் கத்த வேண்டிய நாளில் அது வாடிக்குள் கிடக்கும். எதிர்க் கரையிலிருந்து வருகிற படகில் இதே பெட்டி இருந்தால் நிலைமை மறுதலை. படகு எல்லையைக் கடந்து நம் கடலுக்குள் வெகுதூரம் வந்த பிறகும் 'இன்னும் உங்கள் பக்கம்தான்' என்று மௌனம் சாதிக்கும். எல்லை தாண்டியதாகக் கைதாகும் தமிழகத் தொழிலாளர்கள் பல தடவை ஊர்காவற்றுறை நீதவான் நீதிமன்றத்திலேயே முற்படுத்தப்படுகிறார்கள். எங்கள் பிள்ளைகள் அதை அறிந்து வளர்பவர்கள். அவர்கள் வருவது கருவிப் பிழையால் என்று நான் சொல்லவில்லை. இழுவைமடிக்கும் அறுந்துபோன நம்மவர் வலைகளுக்கும் வேறு கணக்கு இருக்கிறது. ஆனால் கடலில் கோடு கிடையாது. எண்தான் கோடு. எண்ணை வாசிப்பதில் வரும் பிழைக்கு இருபக்கமும் மனிதர்கள் விலை கொடுப்பார்கள்.

இடத்தை எண்ணால் சொல்வதன் அருமை எனக்கு வேறு விதத்திலும் தெரியும். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டபோது நான் சிறுவன். புத்தளத்தில் இருந்தபடி வாப்பா எங்கள் வளவுக்கு வழி சொல்லும்போது வேப்பமரம், கிணறு, மதில் என்றுதான் சொல்வார். திரும்பி வந்தபோது மூன்றும் இல்லை.

நிரலில் ஒரு வரியைத் திருத்தினோம். பாகையைத் தனியே பிரித்து, மிச்சத்தை 60 ஆல் வகுத்துக் கூட்டும் வரி. அதற்குப் பிறகும் பிள்ளைகள் இரண்டு சந்தேகம் கிளப்பினார்கள். ஒன்று, விடியற்காலை நாலு மணிக்குப் போட்ட வலைக்குப் பெட்டி முந்திய நாள் திகதியைப் பதிந்திருந்தது. செய்மதி சொல்வது கிரீன்விச் நேரம். நாம் ஐந்தரை மணித்தியாலம் முன்னே நிற்கிறோம். நம் ஊரில் காலை 5.30 ஆனால்தான் அதற்குத் திகதி மாறும். நேரத்தோடு ஐந்தரையைக் கூட்டுபவர்கள் திகதியை மறந்துவிடுகிறார்கள். மற்றது, ஜிபிஜிஜிஏ என்ற வாக்கியத்தில் சய அடையாளத்தோடு தொண்ணூறு மீற்றரளவில் ஓர் எண். கடலுக்கு அடியிலா இருக்கிறோம் என்று பயந்தார்கள். அது பழுதல்ல. பூமியை ஒழுங்கான ஒரு நீள்கோளமாக வைத்துக் கணக்கிட்டால், புவியீர்ப்புக் குறைவால் இலங்கையைச் சூழ்ந்த கடல்மட்டம் அந்தக் கோளத்துக்குக் கீழே பள்ளமாகக் கிடக்கிறது. உலகிலேயே ஆழமான அந்தப் பள்ளம், 106 மீற்றர், நமக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் உள்ளது. அந்த வித்தியாசத்தைத்தான் எண் சொல்கிறது.

ஆழ்கடலுக்குப் போகும் பலநாட் கலங்களுக்கு அரசாங்கமே கண்காணிப்புக் கருவி பூட்டுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2015 இல் நம் மீனுக்குத் தடை போட்டு 2016 இல் நீக்கிய காலத்தில் அது பேசுபொருளானது. எங்கள் தீவகத்தின் சிறு படகுகளுக்கு அது இல்லை. அவர்களுக்குக் கரையில் தெரியும் கோபுரமும் பனங்கூடலும்தான் இன்றும் குறி.

திருத்திய பெட்டியை அதே இறங்குதுறையில், அதே படகில் மறுபடி வைத்தோம். கத்தவில்லை. வரைபடத்தில் புள்ளி இறங்குதுறை மேலேயே விழுந்தது. தகப்பனார் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். பிறகு, "கட்டின படகு ஏன் தம்பி நடக்குது?" என்று மகனைக் கேட்டார். புள்ளி இரண்டு மூன்று மீற்றர் அங்குமிங்கும் அலைந்துகொண்டிருந்தது. வளிமண்டலத்தின் மேலடுக்கைக் கடக்கும்போது சமிக்ஞை சற்றுத் தாமதிப்பதையும், பக்கத்துக் கட்டடத்தின் தகரத்தில் பட்டுத் தெறித்து இரண்டு தடவை கேட்பதையும் மகன் விளங்கப்படுத்தினான். நான் வாய் திறக்கவில்லை.

"மூண்டு மீற்றரோ?" என்றார் அவர். "நண்டு வலைக்குக் காணும்." பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மூடியின் ஒரு மூலையில் சிலிக்கன் வெடித்திருப்பதைக் காட்டி, பூசுகிறதுக்கு இன்னும் கொஞ்சம் வாங்கிவரச் சொன்னார்.